மூன்று டெசிபல் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று, 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைக்கு ஒரு டிரான்ஸீவர், அதாவது ஒலிபரப்பவும் கேட்கவும் ஆன வானொலிக் கருவி, கட்டி முடித்தேன். அதைச் சோதிக்கக் கருவி வாங்க வசதி இல்லை. அதனால் சிக்னலின் அளவை மின்னழுத்தமாக மாற்றும் ஏடி8307 பலகை, சிக்னலை உண்டாக்கும் எஸ்ஐ5351 பலகை, நிரல் எழுதி இரண்டையும் இயக்க ஆர்டுயினோ நானோ, மூன்றையும் வாங்கி, சிக்னல் ஜெனரேட்டரும் ஆர்எஃப் பவர் மீட்டரும் சேர்ந்த ஒரு பெட்டியாகச் செய்திருக்கிறேன்.

இரண்டு சிக்கல்கள். ஒரே சிக்னலை மொபைல் சார்ஜரில் இயக்கி அளந்தால் மைனஸ் 10 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபலில் சொல்லும் ஆற்றல் அளவு), மடிக்கணினியில் செருகி அளந்தால் மைனஸ் 7. அடுத்தது, மத்திய அலை நிலையங்களைத் தடுக்க 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும் கடத்தும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்று செய்தேன். 1.2 மெகாஹெர்ட்ஸில் சுமார் 40 டெசிபல் தடுக்க வேண்டியது, ஏழெட்டு டெசிபலுக்கு மேல் இறங்கவே மாட்டேன் என்கிறது. இதெல்லாம் விளையாட்டுச் சாமான், பேசாமல் நானோவிஎன்ஏ என்ற ஆன்டெனா, ஃபில்டர் சோதனைக் கருவியை வாங்கிக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். இதில் மேற்கொண்டு நேரம் செலவிடலாமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

செலவிடலாம், தாராளமாக. உங்கள் பெட்டி விளையாட்டுச் சாமான் அல்ல. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு சிக்கல்களுக்கும் அந்த ஏடி8307 பொறுப்பும் அல்ல. அது சொன்னதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

சார்ஜர் விஷயத்தை முதலில் பார்ப்போம். உள்ளே வரும் சிக்னல் ஒரு டெசிபல் கூடினால் ஏடி8307 வெளியே 25 மில்லிவோல்ட் கூட்டித் தரும். மைனஸ் 10 டிபிஎம் வந்தால் அதன் வெளியீடு ஏறத்தாழ 1.85 வோல்ட். இந்த மின்னழுத்தத்துக்கான அளவீட்டு ஆதாரம் சில்லுக்குள்ளேயே இருப்பதால், ஊட்டும் மின்சாரம் சற்று ஏறி இறங்கினாலும் அது அசையாது. அதைப் படிக்கிற ஆர்டுயினோ அப்படியல்ல. வேறு ஏற்பாடு செய்யாதவரை, தனக்கு வரும் மின்னழுத்தத்தையே முழு அளவாக வைத்துக்கொண்டு அதில் எத்தனை பங்கு என்று எண்ணுகிறது. நீங்கள் நிரலில் அந்த முழு அளவை 5 வோல்ட் என்று எழுதியிருப்பீர்கள்.

நானோவின் 5 வோல்ட் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சார்ஜரில் 5.0, மடிக்கணினியில் 4.8 என்பதுபோல ஏதாவது இருக்கும். யூஎஸ்பி வழியில் ஒரு டயோடு இருப்பதால் அதிலும் கொஞ்சம் குறையும். 4.8 வோல்ட்டில் ஓடும்போது அதே 1.85 வோல்ட்டை உங்கள் நிரல் 1.93 என்று கணக்கிடும். கூடுதலாக வந்த 77 மில்லிவோல்ட்டை 25-ஆல் வகுத்தால் மூன்று டெசிபல். அதாவது, வெறும் யூஎஸ்பி துளையை மாற்றியதில் உங்கள் சிக்னலின் ஆற்றல் காகிதத்தில் இரண்டு மடங்காகிவிட்டது.

இதற்கு மருந்து டிஎல்431 என்ற, அசையாத மின்னழுத்தம் தரும் சிறு சில்லு. பழைய கணினி பவர் சப்ளைகளில் இருந்து கழற்றியே எடுக்கலாம், புதிதாக வாங்கினாலும் சில ரூபாய்தான். 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டிலிருந்து ஊட்டி, அது தருகிற 2.495 வோல்ட்டை, நானோ வெளி ஆதாரத்தை ஏற்கும் ஏரெஃப் முனைக்குக் கொடுங்கள். நிரலில் வெளி ஆதாரத்தைப் பயன்படுத்தும்படி சொல்லும் வரி, முதல் அளவீட்டுக்கு முன்பே வந்துவிட வேண்டும். தவறினால் உள் ஆதாரமும் வெளி ஆதாரமும் மோதிக்கொள்ளும். இன்னொரு லாபமும் உண்டு. ஏடி8307 தன் உச்ச எல்லைக்கு அருகே தருவதும் ஏறக்குறைய 2.5 வோல்ட்தான் என்பதால் அளவு முழுவதும் பயன்படும். ஆர்டுயினோ எண்ணும் ஒரு படிக்கு 0.2 டெசிபல் என்றிருந்தது 0.1 ஆகும்.

ஃபில்டர் விஷயம் இதைவிடச் சுவையானது. எஸ்ஐ5351 தருவது சைன் அலை அல்ல, சதுர அலை. 1.2 மெகாஹெர்ட்ஸ் என்று நீங்கள் கேட்கும்போது அதோடு 3.6, 6, 8.4 மெகாஹெர்ட்ஸ் என அதன் மடங்குகளான ஹார்மோனிக்குகளும் சேர்ந்து வருகின்றன. மூன்றாவது ஹார்மோனிக் அடிப்படை அலையைவிட 9.5 டெசிபல் மட்டுமே கீழே இருக்கும். எல்லா ஹார்மோனிக்குகளையும் கூட்டினால் சதுர அலையின் மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ஃபில்டர் 1.2 மெகாஹெர்ட்ஸை ஒழுங்காகத் தடுத்துவிட்டது. 3.6 முதல் மேலே உள்ளவற்றைக் கடத்துவது அதன் வேலை, கடத்தியது. ஏடி8307 தன் வாசலுக்கு வரும் எதையும், 500 மெகாஹெர்ட்ஸ் வரை, பிரித்துப் பார்க்காமல் மொத்தமாக அளக்கும். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 7 டெசிபல். நீங்கள் பார்த்த எண் இதுதான்.

டிரான்ஸீவரின் லோபாஸ் ஃபில்டரை (ஓர் எல்லைக்குக் கீழே உள்ளதை மட்டும் கடத்துவது) இதே பெட்டியால் அளந்தால் இந்தத் தொல்லை தெரியாது, ஏனென்றால் அது ஹார்மோனிக்குகளைத் தானே வெட்டிவிடும். ஹைபாஸ், பேண்ட்பாஸ் ஃபில்டர்களுக்கு மட்டும் மூலத்துக்கும் ஃபில்டருக்கும் நடுவே, சோதிக்கும் அலைவரிசைக்குச் சற்று மேலே வெட்டும் ஒரு லோபாஸ் ஃபில்டரை வையுங்கள். அல்லது 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயான வேலைக்கு ஏடி9850 பலகை ஒன்று வாங்குங்கள். அது நேரடியாகவே சைன் அலை தரும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், பிட்எக்ஸ் டிரான்ஸீவரால் உலகெங்கும் அமெச்சூர் வானொலிக்காரர்களிடையே அறியப்பட்டவர், ஸ்வீப்பரினோ என்ற பெயரில் ஒரு கருவியை வடிவமைத்திருக்கிறார். அதுவும் சிக்னலை உண்டாக்க எஸ்ஐ570, அளக்க ஏடி8307, இயக்க ஆர்டுயினோ என்ற கூட்டணிதான். நீங்கள் இறங்கியிருப்பது நம் நாட்டிலேயே நல்ல தடம் உள்ள பாதை.

இப்போது நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். தராசு கிடைத்துவிட்டது, படிக்கல்தான் இல்லை. மலிவுப் பலகைகளை வாங்கும் பலரும் அடுத்தடுத்துப் பலகைகளையே வாங்கிக் குவிக்கிறார்கள். எதை நம்பி அளக்கிறோம் என்பதை யோசிப்பதில்லை. உங்களுக்கு வேண்டியவை மூன்று: அசையாத மின்னழுத்த ஆதாரம், நம்பகமான 50 ஓம், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஓர் ஆற்றல் அளவு. முதலாவதைச் சொல்லிவிட்டேன்.

50 ஓமுக்கு, எஸ்எம்ஏ கனெக்டரின் பின்புறத்திலேயே இரண்டு 100 ஓம், ஒரு சதவீத எஸ்எம்டி ரெசிஸ்டர்களை இணையாகப் பற்றவையுங்கள். கம்பி நீட்டிய ரெசிஸ்டர் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்குக் கிட்டத்தட்ட ஒரு நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் கம்பி 150 மெகாஹெர்ட்ஸில் 9 ஓமுக்கு மேல் எதிர்ப்பாகும். ஏடி8307-இன் உள்ளீடு 1,100 ஓம். உங்கள் பலகையில் அதன் குறுக்கே 52.3 ஓமுக்கு நெருங்கிய ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த ஆற்றல் அளவை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். உங்கள் டிரான்ஸீவரும் மல்டிமீட்டரும் போதும். முதலில் சிக்னலை 20 டெசிபல் குறைக்கும் பை அட்டெனுவேட்டர் (மூன்று ரெசிஸ்டர் அமைப்பு) ஒன்று: இரு ஓரங்களிலும் 61 ஓம், நடுவே 247 ஓம். அதன் பின் 10 டெசிபல் ஒன்று: ஓரங்களில் 96 ஓம், நடுவே 71 ஓம். இந்த மதிப்புகள் கடையில் அப்படியே கிடைக்காது. இரண்டிரண்டாக இணைத்து, மல்டிமீட்டரில் பார்த்துப் பொறுக்குங்கள். டிரான்ஸீவர் 1 வாட் தரும்படி வைத்தால், முதல் அட்டெனுவேட்டரின் வாசலில் உள்ள 61 ஓம் மட்டும் 0.8 வாட் தாங்க வேண்டியிருக்கும். அங்கே 1 வாட் தாங்கும் 120 ஓம் இரண்டை இணையாகப் போடுங்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் கம்பி ரெசிஸ்டர் பரவாயில்லை; 7 மெகாஹெர்ட்ஸில் குட்டையான கம்பி எதையும் கெடுக்காது.

அதே வாசலில் 1என்4148 டயோடும் 10 நானோஃபாரட் கெபாசிட்டரும் சேர்த்து உச்ச மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் படியுங்கள். 50 ஓமில் 1 வாட் என்றால் உச்சம் சரியாக 10 வோல்ட். டயோடு அரை வோல்ட் அளவில் விழுங்கும், ஆகவே மீட்டர் 9.5 காட்டும்வரை டிரான்ஸீவரைச் சரிசெய்யுங்கள். டயோடின் கணக்கில் 0.2 வோல்ட் பிசகினாலும் பிழை 0.2 டெசிபலைத் தாண்டாது. பெரிய மின்னழுத்தத்தில் அளப்பதன் அருமை இதுதான். 1 வாட் என்பது 30 டிபிஎம். இரண்டு அட்டெனுவேட்டர்களையும் கடந்து வருவது 0 டிபிஎம், அதாவது 1 மில்லிவாட். இதை ஏடி8307-க்குக் கொடுத்து, நிரலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு 20 டெசிபலைச் சேர்த்து இரண்டாவது புள்ளி. இரண்டு புள்ளி கிடைத்தால் உங்கள் சில்லின் சரிவும் (ஒரு டெசிபலுக்கு எத்தனை மில்லிவோல்ட்) தொடக்கமும் உங்கள் கையில். அட்டெனுவேட்டர் இல்லாமல் மட்டும் டிரான்ஸீவரை இணைத்துவிடாதீர்கள். 1 வாட் அந்தச் சில்லைக் கொன்றுவிடும்.

பெட்டி பிளாஸ்டிக் என்றால் மாற்றுங்கள். செம்புத் தகடு ஒட்டிய பிசிபி துண்டுகளைப் பற்றவைத்து ஏடி8307-க்குத் தனி அறை கட்டுங்கள். திறந்து கிடந்தால் உள்ளூர் எஃப்எம் நிலையத்தையும் அளந்துகொண்டிருக்கும்.

நானோவிஎன்ஏ பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதில் தவறில்லை. ஆன்டெனாவைப் பொருத்த அதுபோல வசதியான கருவி இந்த விலையில் இல்லை, முடிந்தால் வாங்குங்கள். ஆனால் அதற்குள்ளும் உட்கார்ந்திருப்பது உங்களிடம் உள்ள அதே எஸ்ஐ5351. உங்களுக்குத் தொல்லை தந்த சதுர அலை ஹார்மோனிக்குகளைத்தான் அதன் முதல் வடிவம் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அளக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. அளக்கத் தொடங்கும் முன் அதுவும் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைப்பு), லோடு (50 ஓம்) என்று மூன்றைக் கேட்கும். அந்த லோடு பிசகினால் அளவீடு எல்லாமே பிசகும். உங்கள் டிரான்ஸீவர் எத்தனை வாட் தருகிறது என்பதை அது சொல்லாது. அந்தக் கேள்விக்கு இந்தப் பெட்டிதான் வேண்டும்.

டிஎல்431-ஐ முதலில் போடுங்கள், ஒரு மாலை வேலைதான். பிறகு 2 மெகாஹெர்ட்ஸ் லோபாஸ் ஒன்றை நடுவே வைத்து, அதன் இரு பக்கமும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் சேர்த்து, அந்த ஹைபாஸ் ஃபில்டரை மறுபடி அளந்து வரைபடத்தை அனுப்புங்கள். 1.2 மெகாஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்குக் கீழே நின்றால் சுருள்களின் மதிப்பையும் சேர்த்து எழுதுங்கள், பார்க்கலாம்.

அன்புடன்.