நோய் எதில் ஏறி வருகிறது? மாடு, கோழி, வாழை: கேள்வி பதில்

கே: நாலு வாழையில் முடிக்கொத்து நோய். பார்த்த அன்றே வெட்டி வரப்பில் போட்டேன். ஒன்றரை மாதத்தில் சுற்றிலும் இருபது மரத்துக்கு வந்துவிட்டது. வெட்டியது தப்பா?

வெட்டியது சரி, வெட்டிய நேரம்தான் தப்பு. முடிக்கொத்து ஒரு வைரஸ் நோய். அதைச் சுமந்து போவது வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. குருத்தின் அடியிலும், மட்டை தண்டோடு சேரும் இடுக்கிலும் கும்பலாக உட்கார்ந்திருக்கும். எறும்பு வரிசையாக ஏறி இறங்கும் மரத்தில் மட்டையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், பழுப்பும் கறுப்புமாகத் தெரியும். மரத்தை வெட்டினால் சாறு வற்றும். அசுவினி பக்கத்து மரத்துக்குக் கிளம்பிவிடும், வைரஸோடு.

அதனால் முதல் நாள் மருந்து, மறுநாள்தான் வெட்டு. வாழைக்கு இப்போது அனுமதியுள்ள அசுவினி மருந்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு, குருத்துக்குள்ளும் தூரிலும் இறங்கும்படி அடியுங்கள். சுற்றியுள்ள மரங்களையும் விடக்கூடாது. பிறகு கிழங்கோடு தோண்டித் துண்டு துண்டாக வெட்டிக் காயவிடுங்கள். முழுக் கிழங்கு மண்ணில் கிடந்தால் பக்கக்கன்று வெடிக்கும், அதுவும் நோய்க்கன்றுதான்.

இலைக்காம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரும்பச்சையில் புள்ளியும் கோடும் விட்டுவிட்டு ஓடும். இலை குறுகி விறைத்து நிற்பதற்கு முன்பே இதைக் காணலாம். ஒருமுறை பார்த்ததோடு விடாமல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிவாருங்கள். கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி என்ற மலைவாழை அழிந்ததற்கு இந்த நோய் பெரிய காரணம். கன்றை நோயில்லாத தோட்டத்திலிருந்தோ, வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்பாகவோ வாங்குங்கள்.

கே: அரிவாள் வழியாகவும் பரவுமா?

முடிக்கொத்து பரவாது. வாடல் நோய் வேறு கதை. அது மண்ணில் வாழும் பூஞ்சை. ரஸ்தாளியில் அடி இலைகள் மஞ்சளாகி மடிந்து தொங்கினால் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே செம்பழுப்பு வளையம் தெரியும். மண்வெட்டியில் ஒட்டிய மண், பாய்ச்சும் தண்ணீர், கன்றின் கிழங்கு என மூன்றிலும் அது பயணம் போகும். மரம் செத்தால் முடிக்கொத்து வைரஸும் சாகும். இந்தப் பூஞ்சை பல்லாண்டு மண்ணில் உறங்கும். நோய் மரத்தின் குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போடுங்கள், அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் மடையைத் திருப்புங்கள். அந்த இடத்தில் மறுபடி ரஸ்தாளி வைக்காதீர்கள்.

கே: முடிக்கொத்து வந்த இலையை மாட்டுக்குப் போடலாமா?

மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இலையைக் கட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் அசுவினி உதிரும். மருந்தடித்த இலையென்றால் அறவே வேண்டாம்.

கே: பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கோமாரி. எங்கள் மாடு வெளியே போகவே இல்லை. ஆனாலும் ஐந்தாம் நாள் எச்சில் வடிய ஆரம்பித்துவிட்டது. எப்படி?

மாடு போகவில்லை, மனிதர் போயிருப்பார். இரண்டு வீட்டிலும் கறப்பவர் ஒருவரே என்றால் அவர் கை, பால் வாளி, செருப்பு. காற்றிலும் வரும். வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே மூச்சிலும் பாலிலும் வைரஸ் வெளியேறுகிறது, அதனால் "நோய் வந்தபின் பிரித்தோம்" என்பது பெரும்பாலும் தாமதம்தான்.

பலரும் பினாயில் ஊற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, பினாயில் அவ்வளவாக எடுபடாது. சோடா போன்ற காரமோ, அமிலமோ அதைக் கொல்லும். 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கரைத்துத் தரையையும் வாளியையும் கழுவுங்கள். முதலில் சாணியை வழித்தெடுத்துவிட வேண்டும், சாணி மேல் ஊற்றினால் வீண். வாசலில் அதே கரைசலில் நனைத்த சாக்கு போட்டு, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய் கண்ட தாயிடம் கன்றை ஊட்டவிடாதீர்கள். கன்றுக்கு இந்த வைரஸ் இதயத்தைத் தாக்கும், கொப்புளமே வராமல் திடீரென விழுந்து செத்துவிடும். பாலைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். நலமாக உள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போடும்போது மாட்டுக்கொரு புது ஊசி.

கே: தோல் கட்டி நோய் வந்த மாட்டைத் தனியே ஐம்பது அடி தள்ளிக் கட்டினோம். போதுமா?

ஈக்கும் கொசுவுக்கும் ஐம்பது அடி ஒரு தூரமா? இதைக் கொண்டு போவது கடிக்கும் ஈ, கொசு, உண்ணி. தனியே கட்டுங்கள், கூடவே கொசுவலை, மாலையில் வேப்பிலைப் புகை, குப்பை அகற்றல், உண்ணிக்கு மருந்து. உதிரும் பொருக்கில் வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், பெருக்கி எரித்துவிடுங்கள். நோய் 2019இல் ஒடிசா வழியாக நாட்டுக்குள் தெரியவந்தபின் ஆட்டு அம்மைத் தடுப்பூசிதான் மாடுகளுக்கும் கைகொடுத்தது. நோய் வருவதற்கு முன் போட வேண்டும்.

கே: தண்ணீரில் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பு மருந்து கலந்து கொடுத்தும் கோழிகள் வெள்ளையாகக் கழிந்து செத்தன. மருந்து போலியா?

தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். அது உயிருள்ள வைரஸ் மருந்து, குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, பிறகு மருந்தைச் சேருங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்தால் எல்லாக் கோழியும் குடிக்கும். கலந்தது இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். கடையிலிருந்து ஐஸ் இல்லாமல் பையில் போட்டு வந்த மருந்து வீணானதற்குச் சமம். சந்தையில் வாங்கிய சேவலை மூன்று வாரம் தனியே வையுங்கள்.

கே: இவற்றில் எது நமக்கு ஒட்டும்?

வாழை நோய்களும் தோல் கட்டி நோயும் ஒட்டாது. மாட்டுக் கோமாரி மனிதருக்கு வருவது மிக அபூர்வம். ராணிக்கெட் மட்டும் சில நாள் கண் சிவப்பைத் தரும். குஞ்சின் கண்ணில் ராணிக்கெட் தடுப்பு மருந்துச் சொட்டு விட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் உங்கள் கண்ணைக் கசக்காதீர்கள்.