கம்பெனி வக்கீல் இருக்கும்போது தனியாக ஒரு இமிக்ரேஷன் வக்கீல் எதற்கு?

"அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். போன வாரம் லே-ஆஃப். இதுவரை எல்லாப் பேப்பரையும் கம்பெனி வக்கீல்தான் பார்த்தார். இப்போது தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆமாம். கேஸையே ஒப்படைக்காவிட்டாலும், ஒரு அரை மணி நேரமாவது காசு கொடுத்துப் பேசிவிடுங்கள்.

டாலஸில் எனக்கு வேலை போன அன்று, ஐந்து வருடமாக என் பேப்பர்களைப் பார்த்த கம்பெனி வக்கீலுக்குத்தான் முதலில் மெயில் போட்டேன். "நாங்கள் கம்பெனியின் சார்பில் இருப்பவர்கள், உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கோபம் வந்தது. ஆனால் எச்-1பி மனுவைப் போடுவது கம்பெனி, வக்கீலுக்கு ஃபீஸ் கொடுப்பதும் கம்பெனி. வேலை போன பிறகு அவர் யார் பக்கம் நிற்பார்?

அப்புறம் நண்பர் சொன்ன ஒரு வக்கீலிடம் போனேன். அரை மணி நேரத்துக்கு 250 டாலர். "வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் சும்மாவே சொல்வார்களே" என்றாள் மனைவி. அங்கேயும் கேட்டிருந்தேன். வேலை போன பிறகு அமெரிக்காவில் தங்க 60 நாள் அவகாசம் இருக்கிறது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வியே "உங்கள் ஐ-94 தேதி என்ன?" என்பதுதான். நாட்டுக்குள் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் பதிவுதான் ஐ-94. 2017இல் வந்த விதிப்படி 60 நாள் அல்லது ஐ-94 முடியும் நாள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் அவகாசம். என் எச்-1பி அப்ரூவல் நோட்டீஸில் அடுத்த வருடம் வரை தேதி இருந்தது. ஆனால் கடைசியாகச் சென்னை போய்த் திரும்பியபோது பாஸ்போர்ட் முடியும் நிலையில் இருந்ததால், ஏர்போர்ட்டில் ஐ-94ஐ அந்தத் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன், ஆனால் ஐ-94 தானாக நீளாது. எண்ணிப் பார்த்தால் கையில் இருந்தது 38 நாள். குரூப்பை நம்பியிருந்தால் அவ்வளவுதான்.

புதுக் கம்பெனி 31ஆம் நாள் மனுவைப் போட்டது. மனு போய்ச் சேர்ந்தாலே வேலையில் சேரலாம், அப்ரூவல் வரை காத்திருக்கத் தேவையில்லை. புதுக் கம்பெனி மனு போடாமல் போயிருந்தால், விசா நிலையை மாற்றக் கேட்கும் ஐ-539 படிவத்தைப் போட்டு விசிட்டராக மாறுவது மாற்றுத் திட்டம். அதில் தங்கலாம், வேலை பார்க்க முடியாது. செவரன்ஸ் பணம் (வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் தொகை) வருகிறதே என்று நாளைத் தள்ளி எண்ணாதீர்கள், அது அவகாசத்தை நீட்டாது.

வக்கீல் உங்கள் மாநிலத்திலேயே இருக்க வேண்டும் என்றில்லை. இது ஃபெடரல் சட்டம், நாடு முழுக்க ஒன்றுதான். என் வக்கீல் கலிஃபோர்னியாக்காரர். அவர் லைசென்ஸ் வாங்கிய மாநிலத்தின் பார் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். வக்கீலாக இல்லாத "கன்சல்டன்ட்" யாராவது சட்ட ஆலோசனை தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். "அப்ரூவல் நிச்சயம்" என்று சத்தியம் செய்பவரும் அதே ரகம். ஃபீஸ் மொத்தத் தொகையா, மணிக்கணக்கா, ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்டு வரும் கடிதம்) வந்தால் பதில் எழுதுவதும் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு வேலை ஆரம்பித்திருந்தால் இன்னொன்று. ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவாகி 180 நாள் தாண்டியிருந்தால், பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும், அதைக் காட்டி வழக்கமான ஆறு வருட வரம்புக்கு மேலும் எச்-1பியை நீட்டிக்கலாம். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே அந்த ஐ-140 அப்ரூவல் நோட்டீஸின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நான் மறந்துவிட்டு, பழைய எச்ஆர் பின்னால் மூன்று மாதம் அலைந்தேன்.