அஃபென்சிவ் லைனில் ஒரே ஒருவர் காயமடைந்தால் கல்லூரி அணியின் ஓட்ட ஆட்டம் ஏன் இவ்வளவு சரிகிறது?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுபவர் அதே ஆள், பயிற்சியாளர் அதே ஆள், முன்வரிசையில் ஒருவர் மட்டுமே மாறியிருக்கிறார், அப்படியிருக்க ஓட்ட ஆட்டம் ஏன் பாதியாகக் குறைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து, உங்கள் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களை இந்தப் பருவத்தில்தான் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பல ஆண்டுகளாக வாழும் நானும், என் மகன் பள்ளி அணியின் முன்வரிசையில் ஆடத் தொடங்கும் வரை, பந்து போகும் திசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசைதான் அஃபென்சிவ் லைன். எதிரணியினரை மறித்து ஓடுபவருக்கு வழி திறப்பது அதன் வேலை. அதில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். ஓட்ட ஆட்டத்தில் இவர்கள் ஐந்து தனி மனிதர்களாக வேலை செய்வதில்லை. பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து நான்கு ஜோடிகளாக வேலை செய்கிறார்கள். எதிரணித் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் பருத்த டிஃபென்சிவ் டேக்கிளை இருவர் சேர்ந்து தள்ளத் தொடங்கி, அவர் நிலைகுலைந்ததும் ஒருவர் அவரை முழுமையாகத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ள, மற்றவர் விலகி, அந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் என்ற வீரரை மறிக்கச் செல்வதுதான் பெரும்பாலான ஓட்டங்களின் அடிப்படை. யார் விலகுவது, எப்போது விலகுவது என்பதைப் பேசி முடிவு செய்ய அந்த நேரத்தில் வாய்ப்பே இல்லை. ஓர் அடி முந்தினால் டிஃபென்சிவ் டேக்கிள் இருவருக்கும் இடையே புகுந்துவிடுவார். ஓர் அடி பிந்தினால் லைன்பேக்கர் வந்து வழியை அடைத்துவிடுவார். ஆகவே ஒருவர் காயமடையும்போது ஆட்களை எண்ணாதீர்கள், எத்தனை ஜோடிகள் புதிதாகிவிட்டன என்பதை எண்ணுங்கள்.

2024-ஆம் ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 12 அன்று ஓரிகனில் 32-31 என்று தோற்ற ஆட்டத்தில் இடது டேக்கிள் ஜோஷ் சிம்மன்ஸ் முழங்காலில் காயமடைந்து, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அடுத்த ஆட்டம் அக்டோபர் 26 அன்று நெப்ராஸ்காவோடு. குவின்ஷான் ஜட்கின்ஸ், ட்ரெவியான் ஹெண்டர்சன் என்று நாட்டிலேயே தலைசிறந்த இரு ரன்னிங் பேக்குகளை, அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர்களை, வைத்திருந்த அணி அன்று 64 யார்டு மட்டுமே ஓடி, 21-17 என்று தட்டுத்தடுமாறி வென்றது. சிம்மன்ஸின் இடத்தில் இறங்கிய ஸென் மிச்சால்ஸ்கியும் அதே ஆட்டத்தில் காயமடைந்தார். பிறகு இடது கார்டான டோனவன் ஜாக்சனை டேக்கிளாக நகர்த்தி, கார்சன் ஹின்ஸ்மனைக் கார்டாக நிறுத்தினார்கள். அடுத்த வாரமே பென் ஸ்டேட்டுக்கு எதிராக, தன் எல்லைக்கோட்டின் அருகிலிருந்து தொடங்கி, எஞ்சியிருந்த ஐந்து நிமிடத்துக்கும் மேலான நேரத்தை ஓடியே தீர்த்து அந்த அணி வென்றபோது, நிலைமை சீராகிவிட்டது என்றே நான் நம்பினேன். ஆனால் நவம்பரில் நடந்த ஒரு பயிற்சியில் சென்டர் சேத் மக்லாஃப்ளினின் குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த ஆண்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது அவருக்கே கிடைத்தது என்பதை வைத்து அணி யாரை இழந்தது என்று கணித்துக்கொள்ளுங்கள். ஹின்ஸ்மன் சென்டருக்கு நகர, இடது கார்டுக்கு வேறொருவர் வந்தார். நவம்பர் 30 அன்று மிச்சிகனோடு 26 முறை ஓடி 77 யார்டு எடுத்து, 13-10 என்று தோற்றார்கள். மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரு பெரும் டிஃபென்சிவ் டேக்கிள்கள் எதிரே நின்றார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்களை மறிக்க வேண்டிய நான்கு ஜோடிகளில் மூன்று, பருவத்தின் தொடக்கத்தில் இருந்தவை அல்ல.

இதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு என் மகனால் வந்தது. அவன் பதினொன்றாம் வகுப்பில் இடது கார்டாக ஆடினான். பருவத்தின் ஆறாவது ஆட்டத்தில், சென்டராக ஆடிய மாணவனுக்குக் கணுக்கால் பிசகியது. பயிற்சியாளர் என் மகனை நடுவுக்கு நகர்த்தி, அவனுடைய இடத்தில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை இறக்கினார். அதுவரை தாராளமாக ஓடிக்கொண்டிருந்த அணி, அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் பத்து யார்டைத் தாண்டி ஓடியது. பார்வையாளர் வரிசையிலிருந்து நான் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியை அன்றிரவு நானும் மகனும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுக்கும் கணத்தில் அவனுடைய வலக்கை அந்த வேலையில் இருந்ததால், எதிரே நின்றவனின் முதல் தள்ளலை இடக்கையால் மட்டுமே வாங்க வேண்டியிருந்தது. கார்டாக ஆடிய காலம் வரை அப்படி ஒரு தேவையே அவனுக்கு ஏற்பட்டதில்லை. பக்கத்தில் புதிதாக வந்த மாணவனோ, ஒவ்வொரு முறையும் லைன்பேக்கரை நோக்கி ஓர் அடி முன்கூட்டியே கிளம்பிவிட்டான். பழைய சென்டருக்கும் என் மகனுக்கும் இடையே ஒரு வழக்கம் இருந்ததாம்: இடுப்பால் ஓர் இடி இடித்தால், "இவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ" என்று பொருள். இரண்டு கோடைக்காலப் பயிற்சிகளில் தானாக உண்டான அந்த வழக்கத்தைப் புதியவனுக்கு எவரும் சொல்லித்தரவில்லை, ஏனென்றால் அது சொல்லித்தர வேண்டிய ஒன்று என்று எவருக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் முழுவதும் மாலை நேரங்களில் அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பழைய மெத்தை ஒன்றை மார்போடு பிடித்துக்கொண்டு நான் எதிரணி வீரனாக நிற்க, இருவரும் என்னைத் தள்ளித் தள்ளிப் பழகினார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களில் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தின் பிற்பகுதியில், அந்தப் பையன் இடுப்பில் இடி வாங்கியதும் விலகி ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். ஓடியவன் பதினெட்டு யார்டு போனான். அரங்கில் எல்லோரும் ஓடியவனின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

அந்த ஓட்டக்காரனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் மனத்தில் இன்னும் ஆறாதது அதுதான். தோற்ற இரண்டு ஆட்டங்களிலும், எங்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தந்தை, அந்தப் பதினாறு வயதுப் பையனைக் கோழை என்றும், மோதலுக்கு அஞ்சி நின்றுவிடுகிறான் என்றும் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார். வழி திறக்கும் என்று நம்பி வந்தவன், அங்கே ஆள் நிற்பதைக் கண்டு ஒரு கணம் தயங்குவது அச்சம் ஆகாது. அப்போது திரும்பி அவரிடம் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. தொலைக்காட்சி விமர்சகர்கள் கல்லூரி வீரர்களைப் பற்றி இதே முறையில் பேசும்போதெல்லாம் அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் எண்களைப் பார்த்துக் கேட்டிருக்கக்கூடும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன். கல்லூரி ஆட்டத்தில், பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் அதை எறிவதற்கு முன் பிடிபட்டு இழக்கும் யார்டுகள் ஓட்டக் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகின்றன, தொழில்முறை என்.எஃப்.எல். ஆட்டத்தில் அப்படி இல்லை. எனவே முன்வரிசை பலவீனப்பட்டால் ஓட்டக் கணக்கு இரண்டு வழிகளில் அடிவாங்குகிறது, பழி மட்டும் ஓடுபவருக்குப் போகிறது. முன்வரிசைக்கென்று 2015 முதல் வழங்கப்படும் ஜோ மூர் விருதைத் தனி வீரருக்குத் தராமல் வரிசை முழுவதற்கும் சேர்த்துத் தருகிறார்கள். ஆட்டத்தை அறிந்தவர்கள் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பள்ளி அணியைக் கல்லூரி அணியோடு ஒப்பிடலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் பயிற்சியாளன் அல்லன். கல்லூரி வீரர்களின் உடல் வலிமை வேறு என்பதும் தெரியும். ஆனால் பழக்கம் உண்டாக நேரம் வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பருவத்தின்போது கல்லூரி அணியின் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் என்ற வரம்பு உண்டு. என்.எஃப்.எல். அணிகளைப் போலப் பருவத்தின் நடுவே வெளியிலிருந்து அனுபவசாலி ஒருவரை அழைத்து வரவும் வழியில்லை. இருபத்திரண்டு வயதுக்காரர் வெளியேறினால், பத்தொன்பது வயதுக்காரர் உள்ளே வர வேண்டியதுதான்.

மிச்சிகன் அணியை எடுத்துக்காட்டி என்னை மறுப்பவர்களும் இருப்பார்கள். 2023 நவம்பர் 25 அன்று வலது கார்டு ஸாக் ஸின்டரின் கால் முறிந்தது. அதே போட்டியில், அதற்கு அடுத்த முயற்சியிலேயே பிளேக் கோரம் 22 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச் டவுன் எடுத்தார். உண்மைதான், அதைப் பார்த்து நானும் எழுந்து நின்றேன். ஆனால் அன்று கார்டு இடத்துக்கு நகர்ந்த கார்சென் பார்ன்ஹார்ட், பல இடங்களில் ஆடிப் பழகிய மூத்த வீரர். அடுத்த வாரம் ஐயோவாவின் வலுவான தடுப்பாட்டத்துக்கு எதிராக அதே அணி 66 யார்டுதான் ஓடியது. ஜனவரி 8 அன்று வாஷிங்டனோடு நடந்த இறுதி ஆட்டத்தில் 303 யார்டு ஓடியபோது, இடையில் ஆறு வாரங்கள் கடந்திருந்தன.

ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் அப்படித்தான் நடந்தது. மிச்சிகனிடம் தோற்ற பிறகு அவர்களுக்கு மூன்று வாரம் ஆட்டமே இல்லை. சிம்மன்ஸும் மக்லாஃப்ளினும் திரும்பி வரவில்லை. இருந்தும் 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று வென்று பட்டம் பெற்ற ஆட்டத்தில் 214 யார்டு ஓடினார்கள். அதில் ஜட்கின்ஸின் 70 யார்டு ஓட்டமும் ஒன்று.

உங்கள் அணியில் காயமடைந்தவர் எந்த இடத்தில் ஆடியவர், அந்த இடத்தை நிரப்ப யார் எங்கிருந்து நகர்ந்தார் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எத்தனை ஜோடிகள் மாறியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்கிறேன்.