22 கிலோநியூட்டன் என்று போட்டிருக்கிறதே, போதாதா?

கேள்வி: ஒரு வருடம் உள்ளரங்கச் சுவரில் பழகிவிட்டு இப்போது வெளியே பாறை ஏறத் தொடங்கியிருக்கிறேன். பயிற்சியாளருடன் நான்கைந்து முறை போய்வந்தாயிற்று. ஆங்கர் (பாறையில் நம்மைத் தாங்கும் பிடிமான அமைப்பு) கட்டவும், ராப்பெல் (கயிறு வழியே கீழே வருதல்) இறங்கும்போது பேக்அப் (கை தவறினால் கயிற்றைப் பிடிக்கும் காப்பு முடிச்சு) போடவும் சொந்தமாகச் சாமான் வாங்க வேண்டும். கடையில் 5, 6, 7 மில்லிமீட்டர் கயிறுகள், அகலமான நைலான் ஸ்லிங் (தைத்த பட்டை வளையம்), நாடா போல மெல்லிய டைனீமா ஸ்லிங் எல்லாம் இருக்கின்றன. டைனீமாவில் 22 கிலோநியூட்டன் என்று அச்சிட்டிருக்கிறது. 6 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 7 சொச்சம்தான். இரண்டு டைனீமா ஸ்லிங்கை வாங்கி எல்லா வேலைக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: வேண்டாம். அந்த 22 பொய்யில்லை. ஆனால் அது எப்படிக் கிடைத்த எண் என்று பாருங்கள். புத்தம் புது ஸ்லிங்கை வழுவழுப்பான இரண்டு உருளைகளுக்கு நடுவே மாட்டி, முடிச்சே போடாமல், மெல்ல இழுத்து அளந்தது. நீங்களோ அதில் முடிச்சுப் போடுவீர்கள், சில சமயம் வெடுக்கென்று அதிரவிடுவீர்கள், ஓடும் கயிற்றின் மேல் சுற்றிச் சூடேற்றுவீர்கள். இந்த மூன்றையும் அந்த எண் சொல்லாது.

ஐரோப்பியத் தர விதி ஈ.என். 566-இன்படி, தைத்த ஸ்லிங் எந்த இழையால் ஆனதானாலும் குறைந்தது 22 கிலோநியூட்டன் தாங்கியாக வேண்டும். அதாவது சுமார் 2,200 கிலோவைத் தொங்கவிடும் விசை. துணைக்கயிற்றுக்கான விதி ஈ.என். 564. அதை மனக்கணக்காகவே போடலாம்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 5-ஆல் வகுங்கள். 5 மில்லிமீட்டருக்கு 5, 6-க்கு 7.2, 7-க்கு 9.8 கிலோநியூட்டன். இது ஒற்றை இழுப்புக்கான கணக்கு. வளையமாகக் கட்டினால் சுமை இரண்டு இழைகளில் பிரியும். முடிச்சு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். 7 மில்லிமீட்டர் வளையம் 13 கிலோநியூட்டன் வாக்கில் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டைனீமா என்பது ஒருவகை பாலிஎத்திலீன் இழை. எடைக்கு எடை பார்த்தால் அபார பலம், தண்ணீரையும் உறிஞ்சாது. சாயம் அதில் ஒட்டாததால்தான் அந்த ஸ்லிங்குகள் வெள்ளையாக இருக்கின்றன. ஓரத்தில் தெரியும் வண்ணம் கூடச் சேர்த்து நெய்த நைலானுடையது. ஆனால் வழுக்கும் இழை. முடிச்சுப் போட்டால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 145 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும்; நைலான் உருக 220-க்கு மேல் வேண்டும். எல்லாவற்றையும் விட, அது நீளாது. நைலான் அறுவதற்கு முன் நன்றாக இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். டைனீமா அதை அப்படியே உங்கள் இடுப்புக்கும் ஆங்கருக்கும் கடத்திவிடும். 80 கிலோ எடையை விழவிட்டுச் செய்த சோதனைகளில், முடிச்சுப் போட்ட மெல்லிய டைனீமா ஸ்லிங், தன் நீள அளவுக்கே விழுந்த வீழ்ச்சியில் அறுந்திருக்கிறது. ஒன்றேகால் மீட்டர்கூட இல்லாத வீழ்ச்சி!

அதனால் எந்த ஸ்லிங்கில் மாட்டியிருந்தாலும், ஆங்கருக்குக் கீழே, ஸ்லிங் இறுகி நிற்கும்படி தொங்குங்கள். சிக்கிய கயிற்றை எடுக்கிறேன் என்று ஸ்லிங் தொய்யும்படி ஆங்கருக்கு மேலே இரண்டு அடி ஏறுவதுதான் பலரும் செய்கிற தப்பு. ஏறியே ஆக வேண்டுமென்றால் ஏறும் கயிற்றாலேயே கிளோவ் ஹிட்ச் முடிச்சு போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். நீண்டு கொடுக்கவென்றே நெய்த கயிறு அது.

இனி ஆங்கர். உங்கள் நிலையில் நான் வாங்கச் சொல்வது 7 மில்லிமீட்டர் நைலான் கயிறு, 6 மீட்டர். இரு முனைகளையும் டபுள் ஃபிஷர்மேன் முடிச்சால் இணைத்து, வால் இரண்டு பக்கமும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விட்டு, ஆள் எடையில் தொங்கி இறுக்குங்கள். மூன்று பிடிமானங்களில் மாட்டி, நடுவே இழுத்துச் சேர்த்து ஓவர்ஹேண்ட் முடிச்சு போட்டால், ஒரு கால் (பிடிமானத்துக்குப் போகும் கயிற்றுப் பிரிவு) அறுந்தாலும் மற்றவை நிற்கும். மெல்லிய ஸ்லிங்கில் அதே முடிச்சு சுமையேறிய பிறகு கல்லாக இறுகிவிடும். குளிர்ந்த விரல்களால் அதை அவிழ்ப்பது தனி வேதனை. பாறையில் பதித்த போல்ட் இரண்டு மட்டுமே உள்ள இடத்துக்கு 120 சென்டிமீட்டர் ஸ்லிங்கும் போதும். அங்கே நான் நைலானையே எடுப்பேன். எடையைக் கிராம் கணக்கில் குறைக்க வேண்டிய நாள் வரும்போது டைனீமா பக்கம் போய்க்கொள்ளலாம்.

கால்களுக்கு இடையிலான கோணத்தையும் கவனியுங்கள். இரண்டு கால்கள் 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றும் சுமையில் சுமார் 58 சதவீதம் ஏற்கும். 120 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் ஏற்கும். கயிறு நீளமாக இருந்தால் கோணம் தானே குறையும். 6 மீட்டர் என்று நான் சொல்வது அதனால்தான்.

ராப்பெல் பேக்அப்பில் கணக்கே வேறு. அங்கே உங்கள் எடையில் பெரும்பகுதியை இறங்கும் கருவியின் உராய்வு தாங்கிக்கொள்ளும். பேக்அப் ஏற்பது உங்கள் பிரேக் கை (கயிற்றைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கை) பிடித்திருந்த பங்கை மட்டும். ஆகவே பலம் அல்ல, பிடிப்புதான் கேள்வி. பிரதானக் கயிற்றை விட 3, 4 மில்லிமீட்டர் மெலிந்த, வளைந்து கொடுக்கும் கயிறு வேண்டும். 9, 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 6 மில்லிமீட்டர் நைலான் சரியாக இருக்கும். நான் முதலில் 5-இல் கட்டினேன். பிடித்தது, பிடித்ததை விடவே மாட்டேன் என்றது. பாதி வழியில் தொங்கிக்கொண்டு அதைத் தளர்த்துவதிலேயே கை ஓய்ந்துபோனது.

ஒன்றரை மீட்டர் வாங்கினால் முடிச்சு போக அரை மீட்டர் நீள வளையம் கிடைக்கும். அதை ஆட்டோபிளாக்காக, அதாவது பிரதானக் கயிற்றைச் சுற்றி உராய்வால் பிடிக்கும் முடிச்சாகச் சுற்றுங்கள். ஆஸ்திரியரான கார்ல் பிருசிக் 1931-இல் அறிமுகப்படுத்திய பிருசிக் முடிச்சு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் சுமை ஏறிவிட்டால் எளிதில் நகராது. ஆட்டோபிளாக் சுமையோடும் நகரும், இறங்குவதற்கு அதுவே வசதி. இரட்டைக் கயிற்றில் நான்கு சுற்று போட்டுப் பாருங்கள், வழுக்கினால் ஐந்தாக்குங்கள். மெல்லிய டைனீமா ஸ்லிங் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது: வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் உருகும். வெப்பம் தாங்கும் அராமிட் வளையங்கள் தனியாகக் கிடைக்கின்றன; அவை உருகாது, ஆனால் திரும்பத் திரும்ப மடிந்தால் உள்ளே நொறுங்கும்.

பேக்அப் இறங்கும் கருவியைத் தொடக் கூடாது. தொட்டால் கருவியே முடிச்சைத் தள்ளித் தளர்த்திவிடும். நைலான் ஸ்லிங்கால் கருவியை நெஞ்சுயரத்துக்கு நீட்டி, பேக்அப்பை ஹார்னஸின் (இடுப்பில் அணியும் பட்டை) பெலே லூப்பில், அதாவது அதன் முன்பக்க வளையத்தில், மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆங்கரில் மாட்டிய ஸ்லிங்கைக் கழற்றும் முன், பேக்அப்பில் முழு எடையையும் போட்டு, கையை மெல்லத் தளர்த்திச் சோதியுங்கள். முதல் சில தடவை பயிற்சியாளர் கண் முன்னால் செய்யுங்கள்.

ஸ்லிங்கை ஹார்னஸில் கட்டி மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரே இடம் உராய்ந்துகொண்டே இருக்கும். 2006-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில், லீனிங் டவர் பாறையில், பாறையேறி டாட் ஸ்கின்னர் இறந்தது ராப்பெல் செய்யும்போது, தேய்ந்திருந்த பெலே லூப் அறுந்து. அவ்வளவு அனுபவசாலிக்கே அப்படி. நாள் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

யாரோ விட்டுப்போன ஸ்லிங் ஆங்கரில் தொங்கினால் நம்பாதீர்கள். வெயில் அதன் உயிரை எடுத்திருக்கும். பலர் அதன் வழியே கயிற்றை உருவியதில் உள்பக்கம் கருகியிருக்கும். 7 மில்லிமீட்டர் கயிறு 5 மீட்டரும் ஒரு சிறு கத்தியும் இதற்கென்றே தனியாக எடுத்துப் போங்கள். ஸ்லிங்குக்குள் நேரடியாகக் கயிறு ஓடும்படி யாரையும் இறக்கிவிடக் கூடாது. நைலான் மேல் நைலான் சுமையோடு ஓடினால் அறுந்துவிடும். நடுவில் காரபைனரோ (திறந்து மூடும் உலோகக் கொக்கி) இரும்பு வளையமோ இருந்தாக வேண்டும்.

பீரோவிலேயே கிடந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்பது உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் உச்ச வரம்பு. அடிக்கடி ஏறுகிறவருக்கு அது வெகு சீக்கிரமே வரும், பேக்அப் வளையத்துக்கு எல்லாவற்றுக்கும் முன்னால். விறைப்பு, பளபளப்பான கருகல், பிசிறு, வெளுப்பு, கார் பேட்டரி பக்கத்தில் வைத்து அமிலம் பட்டிருக்குமோ என்ற சந்தேகம், இதில் ஒன்று இருந்தாலும் கழித்துவிடுங்கள். கழித்ததைத் துண்டு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போட வேண்டும். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.