கம்பி அலாரத்தைக் கழற்றச் சங்கத்துக்கு உரிமை உண்டா?

கேள்வி: பெரம்பூரில் ஏழு மாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கட்டும்போதே வீடுகளிலும் தாழ்வாரங்களிலும் கம்பி இணைப்புள்ள புகை அலாரங்களைப் பொருத்தியிருந்தார்கள். தாளிக்கும் புகைக்கெல்லாம் அலறுகின்றன என்று அவற்றைக் கழற்றிவிட்டு, மாதச் சந்தாவில் தனியார் மையம் ஒன்று கண்காணிக்கும் கம்பியில்லா அலாரம் வைக்கச் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. இது செல்லுமா? அலாரம் அடிக்காமல் போனால் யார் பொறுப்பு?

பதில்: தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டது உயரமான கட்டடம். ஏழு மாடி என்பதால் தங்கள் கட்டடம் அந்த வகையில் வரக்கூடும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உயரத்தைச் சரிபாருங்கள். அத்தகைய கட்டடத்தில் தீயணைப்புத் துறை அளித்த சான்றின் நிபந்தனைகளில் இந்தக் கம்பி அலாரமும் இடம்பெற்றிருந்தால், பொதுக்குழுவில் எத்தனை பேர் கையெழுத்திட்டாலும் அந்த நிபந்தனையைச் சங்கம் தானாக மாற்ற முடியாது. சான்றின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மாற்றத்துக்குத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வரும்வரை ஒரு கம்பியைக்கூடத் தொட வேண்டாம் என்று செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். இருப்பதை வைத்துக்கொண்டு, கூடுதலாகக் கண்காணிப்பு அலாரம் பொருத்துவதற்குத் தடையில்லை. நான் சொல்வதும் அதைத்தான். வீண் அலறலுக்குத் தீர்வு, சமையலறையை ஒட்டிய கருவியை இடம் மாற்றுவதோ அங்கு வெப்பத்தை உணரும் கருவி வைப்பதோ ஆகும். அதையும் துறையிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

இனி ஒப்பந்தம். இத்தகைய ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், மின்சாரமோ இணையமோ துண்டிக்கப்பட்டால் நிறுவனம் பொறுப்பல்ல என்றும், எந்த இழப்பானாலும் செலுத்திய சந்தாவுக்கு மேல் தர இயலாது என்றும் இருப்பது வழக்கம். மழைக்காலத்தில் நம் பகுதியில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகின்றன என்பதால் முதல் வரி எனக்குப் பெரும் கவலை தருகிறது. இணைப்பு அறுந்தாலும் வீட்டுக்குள் சங்கு ஒலிக்க வேண்டும், கருவிக்கு மாற்று பேட்டரியும் தனி சிம்மும் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் பெறாமல் கையெழுத்திடாதீர்கள். மேலும், அந்த மையம் தீயணைப்பு நிலையம் அல்ல. அங்கிருப்பவர் தங்களுக்குத் தொலைபேசியில் பேசி, பிறகே 101-ஐ அழைக்கக்கூடும். ஆகவே புகையைக் கண்டவுடன் வீட்டைவிட்டு வெளியேறி, தாங்களே 101-ஐ அழையுங்கள்.

சேவைக் குறைபாடு நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிடுவதானால் மாநில ஆணையத்தை நாட வேண்டும். முப்பது நாளில் கேட்காவிட்டால் உரிமை போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அஞ்ச வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி அந்த வாசகம் செல்லாது.

கட்டடத்துக்குத் தீ காப்பீடு இருந்தால், அலாரத்தில் செய்யும் எந்த மாற்றத்தையும் முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.