தலையணைக்கடியில் அரிசி முடிச்சு

கேள்வி: ரங்கூன் தாமுவேயில் எங்களுடன் வசிக்கும் அம்மாச்சிக்கு வயது 91. யுத்தத்தின்போது ஏழு வயதில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு நடந்து கிளம்பி, புரோம் நகரைத் தாண்டியதும் தாயைக் காலராவுக்குப் பறிகொடுத்துத் திரும்பி வந்தவர். சென்ற ஆண்டு தாத்தா இறந்ததிலிருந்து அரிசியைத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறார். சில நாள் சோற்று உருண்டையையும் வாழையிலையில் சுற்றி வைக்கிறார். இரவில் மின்சாரம் நின்று பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடினால், "ஏரோப்ளான் வருகிறது" என்று பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் இழுக்கிறார். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. அது முதல் குழப்பம் கூடியிருக்கிறது. ஒரு நாள் விழப் பார்த்தார். இது பைத்தியமா? மனதில் இருப்பதைக் கொட்டச் சொன்னால் சரியாகுமா? அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தட்டில் ஒரு பருக்கை மீந்தாலும் அம்மாச்சி அழுவதால் அம்மாவே எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிக்கிறார்.

பதில்: பைத்தியம் இல்லை, சகோதரி. அந்தச் சொல் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. அரிசி முடிச்சு ஓராண்டாக இருக்கிறது. குழப்பம் மூன்று வாரமாகத்தான் கூடியிருக்கிறது. இரண்டாவதுதான் அவசரம்.

முதியவர்களுக்குத் திடீரென்று குழப்பம் கூடினால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது எல்லாமே இப்படிச் செய்யும். மருந்தும் செய்யும். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கடையில் தூக்கத்துக்கென்று கேட்டால் டயாசிபாம் வகையையோ, சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின் வகையையோ எடுத்துக் கொடுப்பார்கள். டயாசிபாம் வயதான உடம்பில் பல நாள் தங்கும். இரவில் போட்டது மறுநாள் பகலிலும் கால்களைத் தள்ளாட வைக்கும். குளோர்பெனிரமின் ஞாபகத்தைக் குழப்பும், சிறுநீரை அடைக்கும். மூன்று வாரம் கொடுத்துவிட்டதால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும். சிறுநீர், சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12 பரிசோதனைகளைக் கேளுங்கள். காய்ச்சல், பகலெல்லாம் மயங்கிய தூக்கம், தலையில் அடி, நேரத்துக்கு நேரம் மாறும் பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இனி அரிசி முடிச்சுக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மீது ஜப்பான் விமானங்கள் முதன்முதலாகக் குண்டு போட்டன. பட்டப்பகல். விமானம் பார்க்கத் தெருவில் கூடி நின்றவர்கள் பலர் அங்கேயே மாண்டார்கள். 25ஆம் தேதி மறுபடியும் வந்தன. அதன்பின் நம்மவர்கள் லட்சக்கணக்கில் நடந்தார்கள். புரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்து கடலோர ஊரான தவுங்கப்புக்கு ஒரு கூட்டம், எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்கு ஒரு கூட்டம். காலராவும் மலேரியாவும் பசியும் வழியிலேயே ஆயிரமாயிரம் பேரை எடுத்துக்கொண்டன. அந்த வழியில் ஒரு பிடி அரிசியை மடியில் முடிந்து வைத்திருந்த குழந்தை பிழைத்தது. அன்று அந்தக் குழந்தையைக் காப்பாற்றிய பழக்கத்தைத்தான் இன்று நீங்கள் தலையணைக்கடியில் பார்க்கிறீர்கள்.

"பணத்தை ஒளிக்காமல் ஏன் அரிசியை ஒளிக்கிறார்?" என்று இதே நிலையிலுள்ள ஒரு வீட்டில் என்னைக் கேட்டார்கள். ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்து ஆண்டபோது வெளியிட்ட நோட்டு 1945இல் வெறும் காகிதமானதைப் பார்த்த தலைமுறை அது. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகளும், 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனதையும் பார்த்தார்கள். அரிசி மட்டும்தான் அவர்களை ஏமாற்றவில்லை.

இத்தனை காலம் இல்லாமல் இப்போது ஏன்? மூளை மூப்படையும்போது நேற்று நடந்தது முதலில் நழுவும். சிறு வயதில் பதிந்தது கடைசி வரை நிற்கும். வேலையும் பிள்ளை வளர்ப்பும் தாத்தாவின் துணையும் அந்தப் பயத்தின்மேல் மூடியாக இருந்தன. தாத்தா போனதும் மூடி திறந்துகொண்டது. அதோடு இருட்டும் ஜெனரேட்டர் உறுமலும் சேர்ந்தால் ஏழு வயதுப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? கண்புரையும் காது மந்தமும் இருந்தால் நிழல் ஆளாகும், சத்தம் விமானமாகும். இரண்டையும் பரிசோதியுங்கள். மறதி நோய் தொடங்கியிருக்கிறதா என்பதைக் குழப்பம் தெளிந்தபின் பார்ப்பதே சரி.

இரவில் அவர் எழுந்தால் பின்னாலிருந்து தொடாதீர்கள், உலுக்காதீர்கள். சார்ஜ் விளக்கைப் படுக்கும் முன்பே ஏற்றி வையுங்கள். உங்கள் முகம் தெரியும்படி கால்மாட்டில் நின்று பேசுங்கள்: "அம்மாச்சி, நான் உங்கள் பேத்தி. நம் வீட்டில்தான் இருக்கிறோம். கதவு தாழிட்டிருக்கிறது. பானையில் அரிசி இருக்கிறது." யுத்தம் முடிந்து எண்பது வருஷமாயிற்று என்று வாதாட வேண்டாம். பயத்துக்குக் கணக்குத் தெரியாது. அவராகக் கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடமும், "பாட்டி சின்ன வயதில் குண்டுச் சத்தம் கேட்டவர், உங்களைக் காப்பாற்றத்தான் இழுக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள்.

முடிச்சைப் பிடுங்காதீர்கள். அவர் கண்ணெதிரே குப்பையில் கொட்டவே கூடாது. மூடியுள்ள ஒரு தகர டின்னை அவருக்கென்று கொடுத்து, கட்டிலருகே வையுங்கள். வாரம் ஒருமுறை அவர் கையாலேயே புது அரிசி மாற்றச் சொல்லுங்கள். சோற்று உருண்டை மட்டும் இரவு தங்கக் கூடாது. அதில் வளரும் கிருமி வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். அதற்குப் பதில் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுங்கள். என் பாட்டி யுத்த காலத்தில் துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தியிருந்தவர். சாகும்வரை ஒட்டுத் துணியைக்கூட எறிய விடவில்லை. ஒரு நாள் அவர் இல்லாதபோது அவருடைய துணி மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டோம். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தத் தவற்றை இன்னும் நினைத்து வருந்துகிறேன்.

கொட்டச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வற்புறுத்தாதீர்கள். கிளறிக் கிளறிக் கேட்டால் பயம் இன்னும் ஆழமாக இறங்கும். அவராகச் சொல்லத் தொடங்கினால் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கேட்காமல் தொலைபேசியில் பதிவு செய்யாதீர்கள். உடம்புக் காரணங்களைச் சரிசெய்தபின்னும் இரவுகள் அடங்காவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே போதும், மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்காது.

உங்கள் அம்மாவை மறந்துவிடாதீர்கள். அம்மாச்சியின் பசி இப்போது உங்கள் அம்மாவின் தட்டில்தான் இருக்கிறது. மீதியை எறியக் கூடாதென்றால் மீதியே வராமல் சமைப்பதுதான் வழி. அந்த வேலையை அம்மாச்சியிடமே கொடுங்கள். நம் ஊரில் பால் டப்பாவால்தானே அரிசி அளக்கிறோம், எட்டு டப்பா சேர்ந்தால் பர்மிய அளவில் ஒரு பியி. தினமும் உலைக்கு அரிசி அளப்பது அவர் பொறுப்பாக இருக்கட்டும். எத்தனை டப்பா என்று அம்மா சொல்லட்டும். இப்போது போடுவதில் ஒரு டப்பா குறையுங்கள், குறைந்ததை அவர் கண் முன்னாலேயே அந்தத் தகர டின்னில் போடச் சொல்லுங்கள். அம்மா இன்சுலின் போடுகிறவராக இருந்தால் சோற்றின் அளவைக் குறைக்குமுன் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடிவுகளும் மாத்திரையின் பெயரும் கிடைத்ததும் மறுபடி எழுதுங்கள்.