கோவையிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இஆர்பி (ஸ்டாக், கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) போட்டுத் தருகிறோம். 6 பேர் டீம், வருடம் திரும்புவதற்குள் கலைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

சம்பளம், டீம் அவுட்டிங் எல்லாம் அப்புறம். கஸ்டமர் யார் போனுக்குக் கூப்பிடுகிறார் என்று முதலில் பாருங்க.

ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டோர் மேனேஜர் டீமிலேயே சின்னப் பையனைக் கூப்பிடுவார்: “தம்பி, டையிங்ல இருந்து வந்த துணி எடை குறையுதுங்க, என்ட்ரி ஏற மாட்டேங்குது. கொஞ்சம் பாத்து உடுங்க.” சாயப்பட்டறைக்குப் போன துணி அதே எடையில் திரும்பாது, எவ்வளவு குறையலாம் என்ற ப்ராசஸ் லாஸ் சதவீதம் மாஸ்டரில், அதாவது சாஃப்ட்வேரின் அடிப்படை செட்டிங்கில், இருக்கும். பையன் அதை லைவிலேயே, அதாவது கம்பெனியில் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்திலேயே, கூட்டிவிடுவான். அந்த லாட் ஏறிவிடும். கூடவே மற்ற லாட்டுகளுக்கும் பிடி தளர்ந்துவிடும். மாசக் கடைசியில் ஜாப் ஒர்க் பில் (பட்டறைகளின் கூலி பில்) பார்க்கும்போது எந்தப் பட்டறையில் துணி அதிகம் குறைந்தது என்றே பிடிபடாது. திட்டு பையனுக்கு. இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவான்.

அதனால் கஸ்டமர் பக்கம் ஒருவர், உங்கள் பக்கம் ஒருவர் என்று வையுங்க. எந்தக் கோரிக்கையும் அவர்கள் வழியாக, எழுத்தில். வேலை தொடங்கும் முன்பே ஓனரிடம் இதைப் பேசி முடித்துவிடுங்க. லைவ் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ஜூனியர் கையில் இருக்கவே கூடாது.

ஒரு ஆளுக்கு இரண்டு கம்பெனிக்கு மேல் வேண்டாம். நாளுக்கு 6 மணி நேரம் மட்டும் திட்டம் போடுங்க, மீதியைப் போன் தின்றுவிடும். திருப்பூர் போய்வரும் நேரமும் டைம்ஷீட்டில் ஏறட்டும்.

வேலை தள்ளிப்போகிறது என்று ஆள் சேர்ப்பதுதான் பெரிய தப்பு. 6 பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 15; 9 பேரானால் 36. புதுசாக வந்த மூவருக்குச் சொல்லித்தர, ஏற்கனவே மூச்சு முட்டுகிறவர்கள்தான் உட்கார வேண்டும். அதற்குப் பதில் பேரோல் மாட்யூலை (சம்பளக் கணக்குப் பகுதியை) அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடலாம்.

கோ-லைவை, அதாவது புது சாஃப்ட்வேரில் நிஜ வேலையைத் தொடங்குவதை, சனிக்கிழமை வைக்காதீங்க, அது வாரச் சம்பளம் போடும் நாள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் போனஸ் கணக்கு ஓடும். 11, 20 தேதிகளை ஒட்டி அக்கவுண்ட்ஸ்காரர்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னில் இருப்பார்கள், நம் ஆட்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள்.

ஒவ்வொரு மாட்யூலும் இருவருக்குத் தெரிய வேண்டும். நிஜமாகவே தெரியுமா என்று பார்க்க, முதல் ஆளை மூன்று நாள் லீவில் அனுப்புங்க. போனும் எடுக்கக் கூடாது. இரண்டாம் ஆள் எங்கெங்கே முட்டி நிற்கிறாரோ அதை மட்டும் எழுதி வைத்தால் போதும். நூறு பக்கக் கையேட்டை யாருங்க படிக்கிறாங்க?